கடைசி வரிசையில் ஒரு பொதுஜனம்

பொதுஜனம் செத்துப் போயிருந்தது.

கடைசி வரிசை. ஒரு தூணுக்குப் பக்கத்தில், சுவரோர நாற்காலி. தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. மடியில் ஒரு காகிதக் கோப்பை கவிழ்ந்து கிடந்தது.

விசாரணை முடிந்து, ஆணையத்தின் தலைவரம்மா எழுந்து போய், வக்கீல்களும் கிளம்பிய பிறகு, விளக்கை அணைக்க வந்த டவாலிதான் முதலில் பார்த்தார்.

"பெரியவரே... எழுந்திருங்க. கதவைப் பூட்டணும்."

பெரியவர் அசையவில்லை.

"ஏசியை நிறுத்தியாச்சு. இனிமே இங்க தூங்கி ஒரு பிரயோஜனமும் இல்ல."

தோளைத் தொட்டார். கையைத் தொட்டார்.

சில்லென்று இருந்தது. அது ஏசி கொடுத்த சில்லிப்பு இல்லை!

டவாலி அலறினார். அந்தக் கட்டடத்தில் ஒரு மனிதர் குரலை உயர்த்தி வெகுநாள் ஆகியிருந்தது. அப்படியும் பக்கத்து அறைகளிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

*

இன்ஸ்பெக்டர் படியேறி வந்தார். லிஃப்ட் ஓடவில்லை. அரசாங்கம் கழுத்துவரை கடனில் இருந்ததால் லிஃப்ட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். வராந்தாவில் ஒன்று விட்டு ஒரு விளக்கைக் கழற்றியிருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் சம்பளமும் லிஃப்ட் மாதிரிதான், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஸ்டேஷனில் அவருக்குக் கொட்டாவி என்று பெயர். கொலையைப் பார்த்தாலும் கொட்டாவி, கொலைகாரனைப் பார்த்தாலும் கொட்டாவி. மேலதிகாரி திட்டும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விடுவார். அவ்வளவுதான் அவர் காட்டும் மரியாதை.

"இவரு பேரு என்ன?"

"பேரு தெரியாதுங்க. நாங்க பொதுஜனம்னுதான் சொல்லுவோம்" என்றார் டவாலி.

"ஏன்?"

"பொதுமக்களுக்குன்னு ஹால் நிறைய நாற்காலி போட்டாங்க. தினமும் வந்தது இவரு ஒருத்தர்தான்."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். சிலவற்றின் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"பத்திரிகைக்காரங்க?"

"முதல் நாள் வந்தாங்க. அப்புறம் ஒரு நடிகையோட விவாகரத்து வந்துச்சு. அங்க போயிட்டாங்க."

"இங்க என்ன விசாரணை?"

டவாலி அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"சார், நீங்க பேப்பர் படிக்கிறதில்லையா?"

"படிச்சா தூக்கம் வருது. சொல்லுங்க."

டவாலி சொன்னார். ஊரிலேயே பெரிய வங்கி. வேண்டியவர்களுக்கு எல்லாம் கேட்டதைவிட அதிகமாகவே கடன் கொடுத்தது. ஒருவரும் திருப்பிக் கட்டவில்லை. உடனே வங்கி அரசாங்கத்திடம் போய், 'நான் விழுந்தால் நீயும் விழுவாய்' என்றது. அரசாங்கம் பயந்துபோய், ஊர் உலகமெல்லாம் கடன் வாங்கி, அந்த வாராக் கடன்களை முழு விலைக்கு வாங்கிக்கொண்டது. வங்கி நிமிர்ந்து உட்கார்ந்தது. அரசாங்கம் படுத்துவிட்டது.

"செத்த கடன்னு தெரிஞ்சே அரசாங்கத்து தலையில கட்டினாங்களான்னுதான் கேள்வி. தெரிஞ்சுதான்னு நிரூபணமானா பேங்க் பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும். இன்னிக்குத்தான் கடன் பிரிவோட பழைய தலைவர் சாட்சி சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

டவாலி தலையைச் சொறிந்தார்.

"நான் கவனிக்கலைங்க."

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்பது போல.

"சரி. ஒரு கிழவர் வந்து ஏசியில தூங்கினா யாருக்கு என்ன நஷ்டம்? இவரை யாரு கொல்லப் போறாங்க?"

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க. இவரு இல்லைன்னா கமிஷனே இல்ல."

"புரியலையே?"

"சட்டம் அப்படிங்க. ஒவ்வொரு அமர்வுலயும் பொதுமக்கள்ல ஒருத்தராவது இருக்கணும். அரசாங்க ஊழியரும் பேங்க் ஊழியரும் கணக்குல சேர்த்தி இல்ல. யாருமே வரலைன்னா அன்னிக்கு அமர்வு செல்லாது. அப்படி மூணு தடவை ஆச்சுன்னா, மக்களுக்கே அக்கறை இல்லைன்னு கமிஷனைக் கலைச்சிடலாம்."

"இதுவரைக்கும்?"

"ரெண்டு ஆயிடுச்சு. இவருக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒண்ணு. இவரோட பஸ்ஸை நிறுத்தினப்போ ஒண்ணு. அதுக்கப்புறம் நடந்தே வந்தாரு."

இன்ஸ்பெக்டருக்கு முதல் தடவையாகக் கொட்டாவி பாதியில் நின்றது.

"இன்னிக்கு ஆரம்பிக்கும்போது உயிரோட இருந்தாரா?"

"நான் தினமும் வாசல்லேருந்து எட்டிப் பார்ப்பேன். தலை தெரியும். 'பொதுமக்கள் வருகை உண்டு'ன்னு சத்தமா சொல்லிட்டு கதவைச் சாத்திடுவேன். அப்புறம் அமர்வு முடியிற வரைக்கும் யாரும் உள்ள வரவும் முடியாது, வெளிய போகவும் முடியாது."

"உயிரோட இருந்தாரான்னு கேட்டேன்."

"அதைப் பார்க்கணும்னு சட்டத்துல எழுதலையேங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து பெரியவரின் முகத்தருகே மோப்பம் பிடித்தார். கோப்பையை முகர்ந்தார். காபி. காபிக்குக் கீழே வேறு ஏதோ ஒன்று... மாரடைப்புக்கு இந்த வாசனை கிடையாது.

பிறகுதான் அதைப் பார்த்தார்.

பெரியவரின் கழுத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கோட்டு. கருநீலம். நன்றாகச் சுருட்டி, தலை நழுவாதபடி இறுக்கமாகச் செருகியிருந்தது!

*

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். யாருக்கோ பார்வை சோதித்துக்கொண்டிருந்தவளை அப்படியே அழைத்து வந்திருந்தார்கள். அப்பாவைப் பார்த்தாள். நின்றாள். பிறகு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தொழிலில் எதற்கும் பழகிவிட்டவர்தான். இதற்கு மட்டும் பழகவில்லை.

"ஸ்கூல் வேன் ஓட்டிட்டு இருந்தார். ரிட்டயர் ஆனப்புறம் வீட்டுல வெக்கை தாங்கல. ஏசிக்காகத்தான் முதல்ல இங்க வந்தார்" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் தினமும் ராத்திரி சாப்பிடும்போது இந்தக் கதையையே சொல்வார். நான் காதுல வாங்க மாட்டேன். இன்னிக்குக் காலையிலகூட, உங்களுக்கு வேற வேலையே இல்லையாப்பான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"வேற யாரும் இந்த வேலையைப் பார்க்கலையேம்மான்னார்."

இன்ஸ்பெக்டர் கோட்டை எடுத்துக் காட்டினார்.

"இந்தக் கோட்டு அவரோடதா?"

"அப்பாகிட்ட கோட்டே கிடையாது சார். என் கல்யாணத்துக்கே சட்டையிலதான் நின்னார்."

கோட்டைப் பிரித்தார்கள். உள்பக்கம் ஒரு சின்னத் துணித் துண்டு தைத்திருந்தது. அந்தப் பெரிய வங்கியின் சின்னம். அதன் கீழே ஒரு எண்.

*

வங்கிக்குப் போன் செய்தார் இன்ஸ்பெக்டர். எண்ணைச் சொன்னதும் எதிர்முனையில் தயாராக வைத்திருந்தது போல பதில் வந்தது.

"அது எங்க பாதுகாப்புப் பிரிவு மேற்பார்வையாளர் கோட்டு. ஆனா அவரைப் போன மாசமே நீக்கிட்டோம். எங்களுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நான் இன்னும் கேள்வியே கேட்கலையே?"

போன் வைக்கப்பட்டது.

வேலையைப் பறித்தவர்கள் கோட்டைப் பறிக்க மறந்திருந்தார்கள்!

மாஜி மேற்பார்வையாளர் தன் வீட்டில்தான் இருந்தார். தடித்த உடம்பு, தூங்காத கண்கள். கதவைத் திறந்ததுமே, "என் கோட்டு காணாமப் போயி ரொம்ப நாளாச்சு" என்றார்.

"கோட்டைப் பத்தி நான் பேசவே இல்லையே. ஏன் எல்லாரும் என்னை முந்திக்கிறீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர், அலுப்போடு.

ஸ்டேஷனில் மாஜி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 'நான் அங்கே போகவே இல்லை.' அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு தைரியம் இருந்தது. யாரோ எங்கிருந்தோ வந்து கூட்டிப் போவார்கள் என்று நம்புகிறவனின் தைரியம்.

*

மறுநாள் காலை பிரேதப் பரிசோதனை டாக்டர் போனில் கூப்பிட்டார். டாக்டருக்கும் சம்பளம் வரவில்லை. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் புலம்பிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"விஷம்தான். குடிச்சதும் ஆளைத் தூக்கிடும். அமர்வு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உயிர் போயிருக்கு. சந்தேகமே இல்ல."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்டதான் முதல்ல. ஏன்?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"இன்னொண்ணு. எனக்கும் விஷயம் தெரியும்யா. முன்னாடியே செத்தாருன்னு எழுதினா அமர்வு போச்சு, கமிஷனும் போச்சு. வயசான ஆளு... உள்ள உட்கார்ந்திருக்கும்போது மாரடைப்புன்னு எழுதினா யாரு கேட்கப் போறாங்க? பேங்க் மாட்டும். எப்படி எழுதட்டும்?"

கொலைகாரனைப் பிடித்தால் வங்கி தப்பிக்கும். வங்கியைப் பிடித்தால் கொலைகாரன் தப்பிப்பான்!

'அப்புறம் சொல்றேன்' என்று இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்திருந்த மகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான் என்று அவருக்குப் பட்டது. பொறுப்பைத் தட்டிக் கழிப்பதில் அவருக்கு நல்ல பழக்கமும் உண்டு.

அவள் முழுவதும் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நேத்து அந்தச் சாட்சி என்ன சொன்னார் சார்?"

"யாருக்கும் சரியா தெரியலை. பதிவுல இருக்கும். ஆனா அமர்வு செல்லாதுன்னு ஆயிட்டா அந்தப் பதிவுக்கு மதிப்பில்ல."

"அப்பா இத்தனை நாள் உட்கார்ந்தது அதைக் கேட்கத்தான்."

"ஆமா."

"உள்ளதையே எழுதச் சொல்லுங்க."

"கமிஷன் போயிடும்மா."

"போகட்டும். பொய் எழுதி ஜெயிக்கிறதுதான் பேங்க் செஞ்சது. அதுக்காக அப்பா நடந்து வரலை."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் டாக்டருக்குப் போன் செய்தார். உள்ளதையே எழுதச் சொன்னார். செய்துவிட்டு, ரொம்பக் களைப்பாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

*

ஆணையம் கூடியது.

"பொதுமக்கள் வருகை உண்டு" என்றார் டவாலி. இந்தத் தடவை பக்கத்தில் போய், அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டே சொன்னார்.

கடைசி வரிசையில் மகள். அப்பாவின் நாற்காலிக்கு அடுத்த நாற்காலி. முன்னால், ஓய்வுபெற்ற நீதிபதியான தலைவரம்மா. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பாதி வயதைக் கழித்தவர் போல இருந்தார். பக்கவாட்டில் இன்ஸ்பெக்டர், அவர் கூட்டிவந்த மாஜி.

வங்கியின் வக்கீல் எழுந்தார். விலை உயர்ந்த மனிதர். அவருடைய குரலுக்கே தனியாகக் கட்டணம் வாங்குவார் என்று சொல்வார்கள்.

"முதலில் என் ஆழ்ந்த இரங்கல். அடுத்து ஒரு ஆட்சேபணை. நேற்றைய அமர்வு செல்லாது. அமர்வு தொடங்கும்போது பொதுமக்கள் தரப்பில் யாருமே உயிரோடு இல்லை. இது மூன்றாவது முறை. ஆணையம் கலைகிறது."

தலைவரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அவர் எப்போ இறந்தார்னு எனக்கே இன்னும் தெரியாது வக்கீல் சார். உங்களுக்கு யார் சொன்னாங்க?"

வக்கீல் தண்ணீர் குடித்தார். மெதுவாகக் குடித்தார்.

"வங்கித் தரப்பில் இருந்து தகவல்."

"வங்கிக்கு?"

"அது இப்போ முக்கியமில்லைம்மா. உண்மையா இல்லையான்னு இன்ஸ்பெக்டரைக் கேளுங்க."

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"உண்மைதாங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கொன்னுட்டாங்க."

தலைவரம்மாவின் தோள்கள் இறங்கின. இத்தனை மாதமாகக் காலி நாற்காலிகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மனுஷி. பேனாவை எடுத்தார்.

"அப்போ வேற வழியில்ல..."

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம்" என்றார் இன்ஸ்பெக்டர். கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டதால் வக்கீல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இவரு உங்க பேங்க் ஆளா சார்?"

மாஜியைக் காட்டினார்.

"நிச்சயமாக இல்லை. போன மாதமே நீக்கிவிட்டோம்."

"திரும்ப எடுத்துக்குற எண்ணம்?"

"ஒருபோதும் இல்லை. அவர் ஒழுக்கக்கேடு காரணமாக நீக்கப்பட்டவர். அவருக்கும் வங்கிக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்."

"பதிவு பண்ணிக்கோங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாஜியின் முகம் மாறியது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. முகத்தில் இருந்த அந்தத் தைரியம் வடிந்துகொண்டே போனது.

"ஒழுக்கக்கேடா?" என்றார்.

"நீங்க பேச வேண்டியதில்லை" என்றார் வக்கீல், அவசரமாக.

"வெளியில இருந்து செஞ்சாத்தான் பேங்க் பேரு வராதுன்னு சொன்னீங்க. வேலை முடிஞ்சதும் சம்பள உயர்வோட திரும்பிச் சேர்த்துக்குறோம்னு சொன்னீங்க. வீட்டுக் கடனைத் தள்ளிடுறோம்னு சொன்னீங்க... இப்போ ஒட்டும் இல்ல உறவும் இல்லையா?"

அது அந்த வங்கியின் பழக்கம். கெட்டுப்போனதைக் கையில் வைத்துக்கொள்ளாது. கடன் கெட்டால் தன் கணக்கிலிருந்து தூக்கி அடுத்தவர் கணக்கில் போடும். ஆளை வேலையிலிருந்து தூக்கியதும் அப்படித்தான்.

"எங்க வெச்சு காபி கொடுத்தீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர், பஸ் நேரம் விசாரிப்பது போல.

"வராந்தாவுல. அங்கேயே விழுவாருன்னு நினைச்சேன். அவரு குடிக்காம கோப்பையைக் கையில எடுத்துக்கிட்டு உள்ள வந்து உட்கார்ந்துட்டாரு. குடிக்கிறாரான்னு பார்க்கப் பின்னாடியே உள்ள வந்தேன், குடிச்சாரு. அதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க."

"அப்புறம்?"

"அவரு சரிய ஆரம்பிச்சாரு. கீழ விழுந்தா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. கோட்டைக் கழட்டி முட்டுக் கொடுத்துட்டு, தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்துட்டேன். திரும்ப உருவினா தலை சரிஞ்சுடும். அதான் விட்டுட்டு, முடிஞ்சதும் வக்கீல்களோட வெளிய போனேன்."

டவாலி வாயைப் பிளந்தார். கடைசி வரிசையிலிருந்து மகள் எழுந்து வந்தாள். மாஜியின் முன்னால் நின்றாள்.

"முழு நேரமும் இங்கதான் இருந்தீங்களா?"

மாஜி அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலையாட்டினார்.

"அந்தச் சாட்சி என்ன சொன்னார்?"

"செத்த கடன்னு தெரியும்னு சொன்னாரு. தெரிஞ்சேதான் அரசாங்கத்து தலையில கட்டினோம், மேலேருந்து உத்தரவுன்னு சொன்னாரு. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னும் சொன்னாரு. நகர முடியலைம்மா. வேற வழியில்லாம ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். எங்கம்மாவோட பென்ஷனை எதுக்கு நிறுத்தினாங்கன்னு எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது."

அவள் அவரை அடிப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அடிக்கவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு களைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் தலைவரம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, எனக்குச் சட்டம் அவ்வளவா தெரியாது. இவரு அரசாங்க ஊழியர் இல்ல. பேங்க் ஊழியரும் இல்லைன்னு வக்கீல் சாரே பதிவு பண்ணச் சொல்லிட்டாரு. அமர்வு ஆரம்பிச்சதுல இருந்து முடியிற வரைக்கும் உள்ள இருந்தாரு. உயிரோட இருந்தாரு. போதாததுக்கு, கவனிச்சும் இருக்காரு."

தலைவரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு திரும்ப எடுத்தார்.

"பொதுமக்கள் தரப்பில் ஒருவர் இருந்திருக்கிறார். நேற்றைய அமர்வு செல்லும். சாட்சியம் நிற்கும். ஆணையம் தொடரும்."

வக்கீலின் முகம் சிவந்தது. முதல் முறையாக அவருடைய விலையுயர்ந்த குரல் உடைந்தது.

"இது அநியாயம்மா! ஒரு கொலைகாரனைப் பொதுமக்கள் பிரதிநிதியா ஏத்துக்கிறீங்களா? வெளிய தெரிஞ்சா மக்கள் கொதிச்சு எழுவாங்க!"

இன்ஸ்பெக்டர் மாஜியின் கையில் விலங்கைப் பூட்டினார். நிதானமாக ஒரு கொட்டாவி விட்டார்.

"எழட்டும் சார். வந்து உட்காரத்தான் நாற்காலி நிறைய காலியா கிடக்கே."